விரதம் பிடிச்சும் நிறை இறங்குதில்லயா? தராசோட கோவிக்கிறதுக்கு முதல் ஒருக்கா இத வாசிங்க (முழுமையான வழிகாட்டி)

நான் மட்டக்களப்பு கல்லடிப் பக்கம், ஸ்கூல்ல படிப்பிக்கிறன், வயசு 43, உயரம் 158 சென்டிமீற்றர். போன வருசம் தைப்பொங்கல் முடிஞ்ச அடுத்த கிழமை 81 கிலோவில 16:8 தொடங்கினன், அதாவது 16 மணித்தியாலம் தண்ணியும் சீனி போடாத பிளேன்டியும் மட்டும், மிச்ச 8 மணித்தியாலத்துக்குள்ள சாப்பாடு. முதல் மாசம் 3 கிலோ போச்சு. தலைகால் தெரியல்ல எனக்கு, ஸ்டாஃப் றூமில இருக்கிற எல்லாருக்கும் வகுப்பு எடுத்தன். மறுகா ஏழு கிழமை தராசு 78லயே குந்திட்டு இருந்திச்சு, ஒரு நாள் 77.5 காட்டும், அடுத்த நாள் 78.4, நான் தராசுட பற்றரியக் கழட்டி மாத்திப் பார்த்தன், சீமெந்துத் தரையில வச்சுப் பார்த்தன், ஒத்தக் காலில நிண்டும் பார்த்தன். அந்த நேரம் பார்த்து ஒரு மச்சாள் கலியாண வீட்டில வச்சு "என்ன மச்சாள், விரதம் பிடிக்கிறதெண்டு சொன்னாங்க, இன்னும் நல்லா வச்சிட்டீங்க போல" எண்டா. அண்டைக்கு ரெண்டு தரம் பிரியாணி போட்டுச் சாப்பிட்டன், ஒளிக்கிறதுக்கு ஒண்டுமில்ல.

இப்ப 14 மாசம். இண்டைக்கு விடிய 72.8. ஆக 8 கிலோ சொச்சம்தான், அத வச்சு யாரும் முன்னுக்கும் பின்னுக்கும் போட்டோ போட மாட்டாங்க, ஆனா இறங்கினது இறங்கினபடி நிக்குது. எப்பிடி நடந்திச்சு, எங்க பிழை விட்டன், நீங்க எங்க தொடங்கணும் எண்டுறத ஒழுங்கா சொல்லிப் பார்க்கிறன்.

முதல் ஒரு நிபந்தனை

சீனி வருத்தத்துக்கு இன்சுலின் அடிக்கிறவங்க, கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியூட்டமைட் மாதிரி குளிசை போடுறவங்க, டொக்டரிட்ட கேக்காம இதத் தொடங்கவே வேணாம். சாப்பாடு இல்லாம அந்த மருந்து மட்டும் உள்ள போனா சீனி 70க்கும் கீழ இறங்கிரும், வேர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அப்பிடி வந்தா அந்த இடத்திலயே மூணு நாலு தேக்கரண்டி சீனியத் தண்ணியில கரைச்சுக் குடிக்கணும், 15 நிமிசத்தில திரும்பப் பார்க்கணும், "விரதம் முறிஞ்சு போகும்" எண்டு யோசிக்கிற நேரமில்ல அது. எங்கட ஸ்கூலுக்கு காத்தான்குடியில இருந்து வாற டீச்சர் ஒராள் நோன்பு வாறதுக்கு ரெண்டு மூணு கிழமைக்கு முதலே கிளினிக்குக்குப் போய் மருந்தின்ட நேரத்தையும் அளவையும் மாத்தி எடுப்பா. ஒரு மாச நோன்புக்கே அப்பிடியெண்டா வருசக்கணக்கில செய்யுற இதுக்கு எவ்வளவு யோசிக்கணும். பிரசர் குளிசையும் அதே கதைதான், நிறை இறங்க இறங்க அளவு கூடிப் போய்த் தலை சுத்தும்.

புள்ளத்தாச்சிமார், பால் குடுக்கிற தாய்மார், 18 வயசு ஆகாத புள்ளைகள், முந்தி பட்டினி கிடந்து மறுகா அள்ளிச் சாப்பிட்டு சத்தி எடுக்கிற பழக்கம் இருந்தவங்க, இவங்களுக்கு இது இல்ல. அதுக்கு மேல கதைக்கத் தேவையில்ல.

படி 1: உண்மையா நிண்டு போச்சா, இல்லாட்டி உங்களுக்கு அப்பிடித் தெரியுதா?

இதுதான் பெரிய படி, ஆனா எல்லாரும் பாய்ஞ்சு போற படியும் இதுதான், நானும் பாய்ஞ்சன்.

முதல் மாசம் கொட்டின 3 கிலோவும் கொழுப்பில்ல. எங்கட உடம்பு மாச்சத்த கிளைகோஜன் எண்டு ஈரலிலயும் தசையிலயும் அரைக் கிலோ மட்டில சேர்த்து வைக்கும், அதில ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் மட்டில தண்ணியையும் தன்னோட கட்டி வச்சிருக்கும். சாப்பாடு குறைஞ்ச உடனே அது கரையுது, தண்ணியும் கழண்டு போகுது, தராசு கிலோக்கணக்கில இறங்குது, நாங்க துள்ளுறம். மறுகா தொடங்குறதுதான் உண்மையான கொழுப்புக் கணக்கு, அது கஞ்சன்ட கணக்கு. ஒரு கிலோ கொழுப்பு போகணுமெண்டா கிட்டத்தட்ட 7700 கலோரி குறையணும். கிழமைக்கு அரைக் கிலோ இறங்கணுமெண்டா நாளுக்கு 550 கலோரி. எங்கள மாதிரி காலத்தால சமைச்சு, பகல் நிண்டு படிப்பிச்சு, பின்னேரம் புள்ளையள டியூசனுக்கு ஏத்தி இறக்கிற ஆக்களுக்கு நாளுக்கு 250, 300 விழுந்தாலே பெரிய காரியம், அப்ப கிழமைக்குக் கால் கிலோ. அந்தக் கால் கிலோவ வீட்டுத் தராசு எப்பிடிக் காட்டும், அதே நேரம் தண்ணி ஒண்டு ரெண்டு கிலோ மேலயும் கீழயும் ஆடிக்கொண்டு இருந்தா?

அந்த ஆட்டத்துக்குக் காரணம் கனக்க இருக்கு. நேத்து இரவு கருவாட்டுக் கறி, ஊறுகாய், அப்பளம் சாப்பிட்டிருந்தா உப்பு தண்ணியப் பிடிச்சு வைக்கும். பொம்புளைகளுக்கு மாத வருத்தம் வாற கிழமை ஒண்டு ரெண்டு கிலோ சும்மா ஏறும், முடிய இறங்கும். வயிறு ரெண்டு நாள் போகாட்டியும் ஏறும். புதுசா உடற்பயிற்சி தொடங்கினாலும் தசை வீங்கித் தண்ணி பிடிக்கும்.

அப்ப என்ன செய்யுறது? ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி, டொய்லெட் போய், ஒண்டும் குடிக்காம, அதே தராசு, அதே சீமெந்துத் தரை (பாய்க்கு மேல வச்சா பிழையாக் காட்டும்), நிறையப் பார்த்து எழுதுங்க, எழுதின உடனே மறந்து போங்க. ஏழு நாள் முடிய கூட்டி ஏழால பிரிங்க. அந்தச் சராசரிதான் உங்கட நிறை, மத்ததெல்லாம் சத்தம். என்ட கொப்பியில இருந்து ஒரு கிழமை தாறன்: 76.4, 77.1, 76.8, 76.2, 77.6, 77.0, 76.3. சராசரி 76.8. அந்த 77.6 கருவாட்டுக்கு அடுத்த நாள். நாலு கிழமை கழிச்சு சராசரி 76.1. முக்கால் கிலோ மட்டில இறங்கியிருக்கு. ஆனா நான் பழைய மாதிரி கிழமைக்கு ஒரு நாள் மட்டும் ஏறிப் பார்த்திருந்தா, முதல் தரம் 76.2 காட்டி, நாலு கிழமைக்குப் பிறகு ஆடின ஒரு நாளில 76.6 காட்டியிருக்கும், "விரதம் பிடிச்சு ஏறிப் போச்சே" எண்டு அழுதிருப்பன்.

தையல் டேப்பும் எடுங்க. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில, மூச்ச விட்டுட்டு அளக்கணும், வயித்த எக்கப்படாது. மாசத்துக்கு ஒருக்கா போதும். எங்கட தெற்காசிய உடம்புக்கு பொம்புளைகள் 80 சென்டிமீற்றருக்குள்ளயும் ஆம்பிளைகள் 90க்குள்ளயும் இருக்கணுமெண்டு சொல்லுவாங்க. பிஎம்ஐ (உயரத்துக்கு நிறை சரியா எண்டு பார்க்கிற) கணக்கும் எங்களுக்கு 23 தாண்டினாலே கவனம், 27.5 தாண்டினா அபாயம் கூட, வெள்ளைக்காரன்ட 25, 30 கணக்க வச்சு "நான் ஓகே" எண்டு இருக்க வேணாம். என்ட இடுப்பு அந்த ஏழு கிழமையில 3 சென்டிமீற்றர் குறைஞ்சிருந்திச்சு, சாரி பிளவுசுக்கு ஊக்கு மாத்திக் குத்தேக்கதான் கண்டுபிடிச்சன்.

நாலு கிழமை சராசரி பார்த்து, இடுப்பும் பார்த்து, ரெண்டும் அசையல்ல எண்டாத்தான் நிண்டு போச்சு எண்டு எடுங்க. அதுக்கு முதல் எதையும் மாத்த வேணாம்.

படி 2: மணிக்கூட்டில இருக்கிற நம்பிக்கையக் கொஞ்சம் இறக்கி வைங்க

யூடியூப்பில சொல்லுறாங்க, 16 மணித்தியாலம் தாண்டினா உடம்பு கொழுப்ப எரிக்கத் தொடங்குது, ஓட்டோஃபஜி நடக்குது, நோபல் பரிசு குடுத்தாங்க எண்டு. நோபல் பரிசு உண்மை, 2016ல ஜப்பான்காரர் யொஷினோரி ஓசுமிக்குக் கிடைச்சது, ஆனா அவர் கண்டுபிடிச்சது செல் தன்ட கழிவத் தானே உடைச்சுத் திருப்பிப் பாவிக்கிற விதத்த, அதுவும் ஈஸ்ட்ட வச்சு. ஆறு மணிக்குச் சாப்பாட்ட நிப்பாட்டினா வயிறு குறையும் எண்டு அந்த மனுசன் சொல்லவேயில்ல.

மனுசரில செய்து பார்த்த ஆராய்ச்சி வேற கதை சொல்லுது. 2020ல அமெரிக்காவில 116 பேர வச்சு 12 கிழமை செய்தாங்க, ஒரு பகுதிக்கு பகல் 12ல இருந்து இரவு 8 வரைக்கும் மட்டும் சாப்பாடு, என்ன சாப்பிடணும் எவ்வளவு சாப்பிடணும் எண்டு ஒண்டும் சொல்லல்ல. 12 கிழமையில அவங்க இறங்கினது 0.94 கிலோ. வழமையா மூணு நேரம் சாப்பிட்ட மத்தப் பகுதி 0.68 கிலோ. வித்தியாசம் எண்டு சொல்ல ஏலாது. 2022ல சீனாவில 139 பேர ஒரு வருசம் வச்சு செய்தாங்க, ரெண்டு பகுதிக்கும் கலோரியக் குறைச்சாங்க, ஒரு பகுதிக்கு மட்டும் காலத்தால 8ல இருந்து பின்னேரம் 4 வரைக்கும் எண்டு நேரக் கட்டுப்பாடும் போட்டாங்க. நேரம் பிடிச்சவங்க 8 கிலோ, பிடிக்காதவங்க 6.3 கிலோ, அதையும் பெரிய வித்தியாசமா எடுக்கேலாது எண்டுட்டாங்க. ஆனா ரெண்டு பகுதியும் நல்லா இறங்கினாங்க, பார்த்தீங்களா. சாப்பாடு குறைஞ்ச இடத்தில நிறை இறங்கியிருக்கு.

இத வாசிச்சிட்டு நான் விரதத்த விடல்ல. எனக்கு இது வசதி, இரவு 8க்குப் பிறகு டிவிக்கு முன்னால குந்தி முறுக்கு கடிக்கிற வாய்க்குப் பூட்டு போட்ட மாதிரி. மெலியிறது சட்டியப் பொறுத்த விசயம், பூட்டு ஒரு உதவி, அவ்வளவுதான்.

படி 3: ஏழு நாள் எல்லாத்தையும் எழுதுங்க, வெக்கப்படாம

1992ல ஒரு ஆராய்ச்சி, "நான் 1200 கலோரிக்கு மேல சாப்பிடுறதேயில்ல, ஆனா மெலியிறனில்ல" எண்டு வந்தவங்கள எடுத்து அளந்து பார்த்தாங்க. அவங்கட உடம்பில கோளாறு ஒண்டுமில்ல, சாப்பிட்டத 47 வீதம் குறைச்சுச் சொல்லியிருக்காங்க, அசைஞ்சத 51 வீதம் கூட்டிச் சொல்லியிருக்காங்க. பொய் சொல்லணுமெண்டு சொல்லல்ல, மனசு அப்பிடித்தான் கணக்குப் பார்க்கும். நானும் அதே ஆள்தான்.

கொப்பியில விண்டோ (சாப்பிடுற 8 மணித்தியாலம்) நேரம் மட்டுமில்ல, சமைக்கேக்க உப்புப் பார்த்தது, மகன் மிச்சம் வச்ச றோல்ஸ், இன்டர்வெல்லில யாரோ நீட்டின டொபி, எல்லாம் எழுதணும். என்ட ஒழுக்கு எங்க இருந்திச்சு எண்டு சொல்லுறன், உங்களுக்கும் பாதி பொருந்தும்.

பால் தேத்தண்ணி. மூணு கரண்டி பால்மா, ரெண்டு கரண்டி சீனி, கப்புக்கு 120 கலோரி மட்டில வரும். நாலு கப் குடிச்சா 480. கிழமைக்கு அரைக் கிலோ இறங்கக் குறைக்க வேண்டிய கலோரியில பெரும்பகுதிய நான் தேத்தண்ணியிலயே குடிச்சு முடிச்சிருக்கன், அதிலயும் ஒரு கப் விடிய 5 மணிக்கு, "பால் தானே, சாப்பாடா" எண்டு. விரத நேரத்தில பால், சீனி, கடிச்சுக் குடிக்கிற சக்கரைத் துண்டு, தேங்காய்ப்பால் விட்ட இலைக்கஞ்சி எல்லாம் சாப்பாடுதான். இலைக்கஞ்சி நல்ல சாமான், விண்டோ திறக்கேக்க குடிங்க.

தேங்காய். இது எங்கட ஆக்களுக்கு சொல்லவே பயமா இருக்கு. ஒரு நடுத்தரத் தேங்காயில 1400 கலோரிக்குக் கிட்ட இருக்கு. சொதிக்குப் பால், மீன் கறிக்கு முதல்பால், சுண்டலுக்குப் பூ, சம்பலுக்குத் தனியா, எங்கட வீட்டில நாலு பேருக்கு நாளைக்கு ஒண்டரைத் தேங்காய் போச்சு. பிழிஞ்சு வீசுற சக்கைய விட்டுப் பார்த்தாலும் ஆளுக்கு முன்னூறு நானூறு வரும். தேங்காய் நஞ்செண்டு சொல்லல்ல, ஒரு நேரத்தில ஒரு கறிக்கு மட்டும் எண்டு வச்சன். பால்கறி இருந்தா மத்தது புளியாணம், சம்பல் இருந்தா அண்டைக்கு சொதி இல்ல. முதல் கிழமை வீட்டில முகத்தத் தூக்கினாங்க, மறுகா புளியாணம் கேட்டு வாங்கத் தொடங்கிட்டாங்க.

சோறு. சிவப்பரிசி எண்டா எவ்வளவும் சாப்பிடலாம் எண்டு ஒரு நினைப்பு. நார்ச்சத்து கூட, பசி ஆறுதலா வரும், அது சரி, ஆனா கலோரி வெள்ளையரிசிக்குக் கிட்டத்தட்ட அதேதான், அவிச்ச சோறு 100 கிராமுக்கு 130 மட்டில. ஒரு கிழமை சோத்த நிறுத்துப் போட்டன், "கொஞ்சமாத்தான் சாப்பிடுறன்" எண்டு நினைச்ச என்ட கோப்பையில 420 கிராம் இருந்திச்சு. பாணும் அப்பிடித்தான், ஒரு றாத்தல் 450 கிராம், கால் றாத்தல் எண்டா 300 கலோரி, அதுக்கு மேல பட்டர், சம்பல்.

விரதம் முறிக்கிற முதல் வாய். 16 மணித்தியாலம் இருந்திட்டு வாறவருக்கு முன்னால பேக்கரி சோட்டீஸ் தட்டு வந்தா கை நிக்காது. "நான் காலைச் சாப்பாடு விட்டனான் தானே" எண்டு ஒரு றோல்ஸ், ஒரு பெற்றிஸ், ஒரு பணிஸ், விட்ட காலைச் சாப்பாட்ட விட அதுதான் பெரிசு.

கடைசியா சனி ஞாயிறு, இத எழுதாம விட்டா எல்லாம் வீண். கிழமை நாளில நாளுக்கு 400 குறைச்சு அஞ்சு நாளில 2000 சேர்த்து வைக்கிறம், சனிக்கிழமை பாசிக்குடாவுக்கு வெளிக்கிட்டு கொத்து, ஐஸ்கிறீம், ஞாயிறு மாமி வீட்டில புரியாணி, முட்டித் தயிருக்குப் பாணி, ரெண்டு நாளிலயும் ஆயிரம் ஆயிரம் கூடினா கணக்கு பூச்சியம். அஞ்சு நாள் பட்டினி கிடந்தது மட்டும் மிச்சம். வைகாசியில கண்ணகை அம்மன் சடங்கு நடக்கிற கிழமை, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் போற கிழமை, பெருநாள் கிழமை, இதெல்லாம் அப்பிடித்தான் போகும், அத முன்னுக்கே தெரிஞ்சு கொண்டா மனசு உடையாது.

போத்தல் குளிர்பானம் வாங்கிறவங்க லேபலப் பாருங்க, இலங்கையில சீனிக்கு நிறம் போடணுமெண்டு 2016ல சட்டம் வந்திச்சு, சீனி கூட இருந்தா சிவப்பு, நல்லாக் குறைஞ்சா பச்சை.

படி 4: கோப்பைய மாத்துங்க, நேரத்த இன்னும் இறுக்க வேணாம்

நிறை நிண்டு போன உடனே எல்லாரும் செய்யுற வேலை, 16ஐ 18 ஆக்கிறது, 20 ஆக்கிறது. நானும் 20:4 பிடிச்சன், ஒன்பது நாள். பத்தாவது நாள் இரவு 11 மணிக்கு ஃபிரிட்ஜுக்கு முன்னால நிண்டு, லைட் போடாம, மகளுக்கு வச்ச வட்டிலப்பத்த முழுசா முடிச்சன். அதோட அந்த விளையாட்டு முடிஞ்சுது.

அதுக்குப் பதிலா புரதத்தக் கூட்டினன். உடம்பு மெலியேக்க கொழுப்பு மட்டும் போகாது, தசையும் போகும். மேல சொன்ன 116 பேர் ஆராய்ச்சியில நேரில வந்து அளந்த விரதக்காரர் இறங்கினது 1.7 கிலோ, அதில 1.1 கிலோ கொழுப்பில்லாத நிறை. தசை போனா உடம்பு ஓய்வா இருக்கேக்க எரிக்கிற கலோரியும் குறையும், பிறகு ஏறுறது லேசு. நாளுக்கு உங்கட நிறைக்கு கிலோவுக்கு 1.2 கிராம் மட்டில புரதம் வச்சுப் பாருங்க (சிறுநீரக வருத்தம் இருந்தா டொக்டரக் கேட்டு). 75 கிலோ ஆளுக்கு 90 கிராம். கேக்க பயங்கரமா இருக்கும், ஆனா நாங்க கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற ஆக்கள். 100 கிராம் மீனில 20 கிராம் மட்டில புரதம், சூரையோ பாரையோதான் வேணுமெண்டில்ல, சூடையும் கீரியும் காணும், குழம்பா வச்சா எண்ணெயும் மிச்சம். முட்டையில 6, அவிச்ச பருப்பு, கடலை 100 கிராமில 9 மட்டில. வெள்ளிக்கிழமை மரக்கறி எண்டா கடலை, பயறு, சோயா மீற், முட்டித் தயிர் (பாணி இல்லாம, எனக்கும் கஸ்டமாத்தான் இருந்திச்சு).

என்ட பகல் கோப்பை இப்ப இப்பிடி: பாதிக்கு கீரைச் சுண்டலும் ரெண்டு மரக்கறியும், கால்வாசி மீன், கால்வாசி சோறு, அது 150 கிராம் மட்டில. மரக்கறியையும் மீனையும் முதல் சாப்பிட்டு சோத்துக்கு கடைசியாப் போவன். முருங்கை இலை வேலியில நிக்குது, வல்லாரையும் பொன்னாங்காணியும் சந்தையில கட்டுக் கட்டா கிடைக்குது, இதுக்கு ஓட்ஸ், கீனோவா தேடி சூப்பர்மார்க்கெட் போகத் தேவையில்ல.

விண்டோவ எப்ப வைக்கிறது? நான் 12-8ல இருந்து 10.30-6.30க்கு மாத்தினன், ஸ்கூல் இன்டர்வெல்லுக்கு சரியா வருது, இரவு நல்லா நித்திரையும் வருது. ஆனா வீட்டில எல்லாரும் ஒண்டா குந்திச் சாப்பிடுறது இரவு 8 மணிக்கெண்டா அதோட சேருங்க, தனிய இருந்து மணம் பிடிச்சுக்கொண்டு கிடந்தா மாசக்கணக்கில தாங்க ஏலாது.

படி 5: நடை, பாரம் தூக்கிறது, நித்திரை

நடக்கிறதால மட்டும் மெலியலாம் எண்டு நினைச்சு பழைய கல்லடிப் பாலத்தில விடிய மூணு கிலோமீற்றர் நடந்திட்டு, இறங்கி வந்து ஒரு வடையும் பால் தேத்தண்ணியும் அடிக்கிற ஆக்களத் தெரியும் எனக்கு (கண்ணாடியிலயும் பார்த்திருக்கன்). 70 கிலோ ஆள் மூணு கிலோமீற்றர் நடந்தா 150, 200 கலோரிதான். ஆனாலும் நடக்கணும், இறங்கின நிறையப் பிடிச்சு வைக்கிறதுக்கு அது உதவும், வாவிக் காத்து வாங்கி வந்தா அண்டைக்கு வாய் ஒழுங்கா இருக்கும். விரத நேரத்திலயே நடக்கலாம், தண்ணி கொண்டு போங்க, கச்சான் காத்து வீசுற மாசங்களில பத்து மணி வெயிலில வேணாம்.

தசைக்கு: கதிரையில குந்தி கை வைக்காம எழும்புறது 10 தரம், சுவரில கை ஊண்டித் தள்ளுறது 10 தரம், அஞ்சு கிலோ அரிசி பேக்க ரெண்டு கையாலயும் தூக்கி இறக்கிறது 10 தரம். இப்பிடி மூணு சுத்து, கிழமைக்கு மூணு நாள். கால் மணித்தியாலம்.

நித்திரைய யாரும் கணக்கெடுக்கிறல்ல. 2022ல வந்த ஒரு ஆராய்ச்சியில, கொஞ்சமா நித்திரை கொள்ளுற ஆக்கள நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல கூட நித்திரை கொள்ள வச்சாங்க, வேற ஒண்டும் சொல்லல்ல, அவங்க தங்களறியாம நாளுக்கு 270 கலோரி குறைச்சுச் சாப்பிட்டாங்க. ஃபோன நெஞ்சில வச்சுக்கொண்டு 12 மணி வரைக்கும் மெலியுற வீடியோ பார்க்கிறத விட அந்த நேரம் படுக்கிறது லாபம்.

படி 6: எல்லாம் சரி, இன்னும் அசையுதில்ல எண்டா

எட்டுக் கிழமை எழுதி, அளந்து, சோத்தையும் தேங்காயையும் குறைச்சும் சராசரி நகரல்ல எண்டா ரத்தம் எடுத்துப் பாருங்க. தைரொயிட் குறைஞ்சிருக்கலாம், அதுக்கு டிஎஸ்எச் டெஸ்ட், களைப்பு, குளிர், மலச்சிக்கல், முடி கொட்டுறது எல்லாம் சேர்ந்து இருந்தா கட்டாயம். மாத வருத்தம் ஒழுங்கில்லாத புள்ளைகளுக்கு பிசிஓஎஸ் எண்ட ஹோர்மோன் கோளாறு இருக்கலாம். சில மருந்தாலயும் நிறை ஏறும்: பிரெட்னிசலோன், ஒலன்சபைன், வல்புரோவேட், அமிற்றிப்டிலின், இன்சுலின். அதுக்காக நீங்களா நிப்பாட்டிராதீங்க, குடுத்த டொக்டரிட்ட சொல்லுங்க, மாத்த ஏலுமெண்டா அவங்க மாத்துவாங்க. 35 தாண்டினவங்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில இருக்கிற ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில சீனி, பிரசர், நிறை எல்லாம் காசில்லாமப் பார்ப்பாங்க, கிட்ட எது எண்டு உங்கட எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிசில கேட்டா சொல்லுவாங்க.

ஆனா ஒண்டு, ஒன்லைனில விக்கிற மெலியுற தேத்தண்ணி, "முழுக்க மூலிகை" குளிசை பக்கம் போகாதீங்க. உலகம் முழுக்க அப்பிடியான சாமானுக்குள்ள சிபுற்றமைன் எண்ட மருந்தக் கலந்து பிடிபட்டிருக்கு, அது இருதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்தெண்டு 2010ல ஐரோப்பாவிலயும் அமெரிக்காவிலயும் நிப்பாட்டின மருந்து. பசி இல்லாமப் போகுது, நெஞ்சு படபடக்குது எண்டா அதுவா இருக்கலாம்.

இன்னொரு காரணம் வருத்தமில்லாத காரணம்: 81 கிலோ உடம்புக்குத் தேவையான சாப்பாடு 74 கிலோ உடம்புக்குத் தேவையில்ல. முதல் அஞ்சு கிலோவ இறக்கின அதே கோப்பை பிறகு உங்கள அதே இடத்தில வச்சிருக்கும், அவ்வளவுதான். அப்ப ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, இன்னும் 150, 200 கலோரி குறைக்கிறது. மத்தது, களைச்சுப் போயிருந்தா ரெண்டு மூணு கிழமைக்கு மெலியுற வேலைய நிப்பாட்டி, ஏறாமப் பிடிச்சு வைக்கிறது மட்டும். நான் ஓ.எல். பரீட்சை வேலை வந்த கிழமைகளில அப்பிடித்தான் செய்தன், 12 மணித்தியாலம் மட்டும் விரதம், சோறு ஒரு அகப்பை கூட, நிறை அதே 75ல நிண்டிச்சு, அத நான் வெற்றியெண்டுதான் கொப்பியில எழுதினன்.

முடி கொத்தாக் கொட்டுது, மாத வருத்தம் நிண்டு போச்சு, தலை சுத்தி விழப் பார்க்குது, இரவில ஒளிச்சு அள்ளிச் சாப்பிட வருது, இதில ஒண்டு வந்தாலும் விரதத்த விட்டுட்டு டொக்டரிட்ட போங்க.

படி 7: ஆக்கள்ட வாய்

இதுக்கு மருந்தில்ல. "மெலிஞ்ச மாதிரித் தெரியலயே" எண்டு ஒராள், நிறை இறங்கினா "சீனியா புள்ள, முகம் வத்திப் போச்சு" எண்டு இன்னொராள். நான் செய்தது, விரதம் எண்டு சொல்லுறத நிப்பாட்டினன். "கொஞ்சம் பொறுத்துச் சாப்பிடுறன் மாமி, பார்சல் கட்டித் தாங்க" எண்டா மாமிக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். சொந்தக்காரப் புள்ள ஒராள் மூணு மாசத்தில 12 கிலோ இறங்கினா எண்டு கேட்டா அவட வயசு 24, ஆரம்ப நிறை 98, அதப் பார்த்து என்ட கோப்பைய மாத்த ஏலாது.

கணக்கா மனசத் தேத்திறதெண்டா இதப் பாருங்க: 2002ல அமெரிக்காவில சீனி வருத்தம் வாற விளிம்பில நிண்டவங்கள வச்சு செய்த பெரிய ஆராய்ச்சியில குடுத்த இலக்கே நிறையில 7 வீதம்தான், கிழமைக்கு 150 நிமிச நடையும். அதுக்கே மூணு வருசத்துக்குள்ள சீனி வருத்தம் வாறது 58 வீதம் குறைஞ்சுது, மெட்ஃபோமின் எண்ட சீனிக் குளிசை குடிச்சவங்களுக்கு 31 வீதம்தான். 81 கிலோவுக்கு 7 வீதம் எண்டா 5.7 கிலோ. என்ட அம்மாவுக்கும் ரெண்டு மாமாவுக்கும் சீனி. பிளவுஸ் அளவ விட நான் அந்த 5.7ஐத்தான் முதல் பிடிச்சன்.

வாற சனிக்கிழமை தம்பிட மகளுக்கு சாமத்திய வீடு, அக்கரைப்பற்றில. சாப்பாடு எப்பிடியும் ரெண்டு மணியாகும், அண்டைக்கு விண்டோவ ஒரு மணிக்குத் திறந்து, போக முதல் ரெண்டு அவிச்ச முட்டை சாப்பிட்டுட்டுப் போறன், அங்க புரியாணி ஒரு கோப்பை, வட்டிலப்பம் ஒரு துண்டு, அதுக்கு மேல மச்சாள்மார் கட்டாயப்படுத்தினா பார்சல். ஞாயிறு விடிய தராசு 74 காட்டும். அத எழுதிப்போட்டு, புதன்கிழமைக்குள்ள தண்ணி இறங்கினதும் சராசரி எடுப்பன்.